எல்டிஎல் எண் எப்படி வந்தது என்று அறிக்கையில் எழுதுங்கள்: ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவ ஆய்வகங்களின் இயக்குநர்களுக்கும், தரப் பொறுப்பாளர்களுக்கும், ஆய்வக மென்பொருளை அமைத்துத் தருவோருக்கும் வணக்கம்.

நீங்கள் அனுப்பும் லைப்பிட் புரொஃபைல் (இரத்தக் கொழுப்புப் பரிசோதனை) அறிக்கையில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் என்று ஒரு வரி இருக்கிறது, ‘கெட்ட கொழுப்பு’ என்று பலரும் சொல்வது அதைத்தான். மருந்தின் அளவைக் கூட்டலாமா, இன்னொரு மருந்து சேர்க்கலாமா, இருப்பதே போதுமா என்று மருத்துவர் முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். அந்த எண் நேரடியாக அளந்து வந்ததா, கணக்குப் போட்டு வந்ததா, கணக்கு என்றால் எந்தச் சூத்திரம் என்பதைப் பல அறிக்கைகள் சொல்வதே இல்லை. எங்கள் வேண்டுகோள் இரண்டு. அந்த எண் வந்த வழியை அதன் பக்கத்திலேயே அச்சிடுங்கள். டிரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள மற்றொரு கொழுப்பு) கூடியும் எல்டிஎல் குறைந்தும் இருக்கும் மாதிரிகளுக்கு 1972ஆம் ஆண்டின் ஃப்ரீடுவால்ட் சூத்திரத்தை இனியும் பயன்படுத்தாதீர்கள். இந்த இரண்டையும் ஏன் கேட்கிறோம், எப்படிச் செய்யலாம், செய்யும்போது எங்கெல்லாம் இடறும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

இரத்தத்தில் கொலஸ்ட்ரால் தனியாக மிதப்பதில்லை. புரதமும் கொழுப்பும் சேர்ந்த துகள்களுக்குள் அடைபட்டுப் பயணிக்கிறது. உணவிலிருந்து வரும் கைலோமைக்ரான், கல்லீரல் அனுப்பும் விஎல்டிஎல், அது கரைந்து உருவாகும் ஐடிஎல், எல்டிஎல், பிறகு எச்டிஎல் என்று இவை அடர்த்தியில் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடும். எல்டிஎல்லை உள்ளபடி பிரித்து அளக்க வேண்டுமானால் அடர்த்தியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பீட்டா குவாண்டிஃபிகேஷன் எனப்படும் மேற்கோள் முறை (மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல்) அதைத்தான் செய்கிறது. சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தை) 1.006 அடர்த்தியில், புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் கூடுதலான விசையில், ஏறத்தாழ 18 மணி நேரம் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவார்கள். கைலோமைக்ரானும் விஎல்டிஎல்லும் மேலே மிதக்கும். குழாயை வெட்டி அந்த மேல் அடுக்கை நீக்கிவிட்டு, அடிப்பகுதியில் உள்ள கொலஸ்ட்ராலை அளப்பார்கள். பிறகு ஹெப்பாரினும் மாங்கனீசும் சேர்த்து அப்போ பி என்ற புரதம் கொண்ட துகள்களை வீழ்படிவாக்கி, மிஞ்சும் எச்டிஎல்லை அளப்பார்கள். அடிப்பகுதிக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்தால் எல்டிஎல்.

அந்த மேற்கோள் முறையிலும் கடைசியில் வருவது ஒரு கழித்தல்தான் என்பதைக் கவனியுங்கள். அப்படிக் கிடைக்கும் எல்டிஎல்லில் ஐடிஎல்லின் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லை ஒத்த லிப்போபுரோட்டீன்(ஏ) என்ற துகளின் கொலஸ்ட்ராலும் சேர்ந்தே இருக்கும். சூத்திரங்கள் எல்லாம் இந்த எண்ணை எட்டிப் பிடிக்கவே எழுதப்பட்டவை. ஆகவே லிப்போபுரோட்டீன்(ஏ) மிக அதிகமாக உள்ளவரின் எல்டிஎல்லில் கணிசமான பங்கு உண்மையில் அதனுடையதாக இருக்கலாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மருந்து அந்தப் பங்கைக் குறைப்பதில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் இறங்கவில்லை என்று வருபவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான்.

18 மணி நேரச் சுழற்சியை அன்றாட ஆய்வகத்தில் செய்ய முடியாது. அதற்கு வழி கண்டவர்கள் வில்லியம் ஃப்ரீடுவால்ட், ராபர்ட் லெவி, டொனால்ட் ஃப்ரெட்ரிக்சன். உண்ணாநிலையில் இரத்தம் கொடுத்த 448 பேரின் முடிவுகளை அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் முடிவுகளோடு ஒப்பிட்டு 1972இல் அவர்கள் எழுதிய கட்டுரையின் சாரம் எளியது. உண்ணாநிலையில் டிரைகிளிசரைடின் பெரும்பகுதி விஎல்டிஎல்லில் இருக்கிறது. விஎல்டிஎல்லில் டிரைகிளிசரைடும் கொலஸ்ட்ராலும் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. எனவே டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல் கொலஸ்ட்ரால் கிடைத்துவிடும்.

எல்டிஎல் = மொத்தக் கொலஸ்ட்ரால் − எச்டிஎல் − (டிரைகிளிசரைடு ÷ 5)

இது மி.கி./டெ.லி. அலகுக்கு. மில்லிமோல் அலகில் வகுக்கும் எண் 2.2. டிரைகிளிசரைடு 400 மி.கி.க்கு மேல் இருந்தாலோ, கைலோமைக்ரான் இருந்தாலோ, விஎல்டிஎல்லும் கைலோமைக்ரானும் பாதி கரைந்த எச்சத் துகள்கள் தேங்கும் மூன்றாம் வகை லிப்போபுரோட்டீன் கோளாறு இருந்தாலோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களே வரம்பு வகுத்துவிட்டார்கள்.

அந்தச் சூத்திரத்தை இகழ்வது எங்கள் நோக்கம் அன்று. அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்களுக்குச் செலவில்லாமல் எல்டிஎல்லைச் சொன்னது அதுதான். ஆனால் அது நின்றது ஓர் அனுமானத்தின் மேல்: விஎல்டிஎல்லின் பங்கு எல்டிஎல்லோடு ஒப்பிட்டால் சிறியது, அதில் சற்றுப் பிழை வந்தாலும் எல்டிஎல்லைப் பெரிதாகப் பாதிக்காது. 1972இல் ஸ்டாட்டின் கிடையாது, முதல் ஸ்டாட்டின் விற்பனைக்கு வந்ததே 1987இல். அன்றைய நோயாளியின் எல்டிஎல் 150, 180 என்று இருந்தது. விஎல்டிஎல்லில் 8 மி.கி. தவறினாலும் முடிவு மாறாது. இன்று ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2019 வழிகாட்டி, மிக உயர்ந்த ஆபத்தில் உள்ளவர்களுக்கு 55 மி.கி.க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. அதே 8 மி.கி. இப்போது மருந்துச் சீட்டையே மாற்றிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தக் கொலஸ்ட்ரால் 135, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 220. ஃப்ரீடுவால்ட் சூத்திரப்படி விஎல்டிஎல் 44, எல்டிஎல் 51. இலக்கை எட்டியாயிற்று, மருந்தை மாற்ற வேண்டாம். இதே மூன்று எண்களை 2020இல் வந்த சாம்ப்சன் சூத்திரத்தில் இட்டால் எல்டிஎல் 59. இலக்கு இன்னும் எட்டவில்லை. நோயாளி ஒருவர், இரத்தம் ஒன்று, அனலைசர் ஒன்று, சிகிச்சை முடிவு மட்டும் இரண்டு. ஆனால் மொத்தக் கொலஸ்ட்ரால் 220, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 150 உள்ள ஒருவருக்குப் பழைய சூத்திரம் 150 என்றும் புதியது 153 என்றும் சொல்லும். அங்கே எதைப் பயன்படுத்தினாலும் கவலை இல்லை. சிக்கல் இருக்கும் மூலை குறுகியது. ஆனால் இன்று தீவிர சிகிச்சையில் இருக்கும் இதய நோயாளிகளும் சர்க்கரை நோயாளிகளும் அதிகம் வந்து நிற்பது அந்த மூலையில்தான்.

பழைய சூத்திரம் ஏன் குறைத்தே காட்டுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. டிரைகிளிசரைடு ஏற ஏற விஎல்டிஎல் துகள் பெருத்து, அதில் கொலஸ்ட்ராலுக்கு எதிராக டிரைகிளிசரைடின் பங்கு கூடுகிறது. விகிதம் ஐந்தில் நிற்காமல் ஆறு, ஏழு என்று ஏறுகிறது. அப்போதும் ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல் கொலஸ்ட்ரால் உள்ளதைவிட அதிகமாக வரும். அதைக் கழித்தால் எல்டிஎல் உள்ளதைவிடக் குறையும். இதன் உச்சத்தை மொத்தக் கொலஸ்ட்ரால் 110, எச்டிஎல் 45, டிரைகிளிசரைடு 340 உள்ள மாதிரியில் பார்க்கலாம். விடை −3. எல்டிஎல் பூஜ்யத்துக்குக் கீழே போக வழியே இல்லை. சில மென்பொருள்கள் இதை 0 என்று அச்சிட்டு அனுப்பிவிடுகின்றன. அது −3ஐவிட மோசம், ஏனென்றால் பிழை என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. சாம்ப்சன் சூத்திரம் இதே மாதிரிக்கு 17 என்கிறது.

சூத்திரப் பிழையைத் தவிர அளவீட்டுப் பிழையும் உண்டு. கணக்கிட்ட எல்டிஎல் மூன்று அளவீடுகளின் பிழைகளைச் சுமந்துகொண்டு வருகிறது. அமெரிக்காவின் தேசியக் கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் அனுமதித்த மாறுபாட்டுக் கெழு (ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் சிதறல்) மொத்தக் கொலஸ்ட்ராலுக்கு 3 சதவீதம், எச்டிஎல்லுக்கு 4, டிரைகிளிசரைடுக்கு 5. இந்த உச்சவரம்பில் இயங்கும் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன 220, 40, 150 மாதிரியில் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து 6.6, எச்டிஎல்லிலிருந்து 1.6, விஎல்டிஎல்லிலிருந்து 1.5. மூன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 7. எல்டிஎல் 150இல் அது 5 சதவீதத்துக்குள் அடங்கும். 135, 40, 220 மாதிரியிலோ 4.1, 1.6, 2.2. கூட்டுப் பிழை ஏறத்தாழ 5. ஆனால் எல்டிஎல் 51 மட்டுமே என்பதால் அது 10 சதவீதத்தை நெருங்குகிறது. எல்டிஎல்லுக்கே உரிய வரம்பு 4 சதவீதம். கணக்கு சொல்வது இதுதான்: எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும், மொத்தக் கொலஸ்ட்ராலின் துல்லியத்தை இறுக்காமல் குறைந்த எல்டிஎல்லை நம்பிக்கையோடு சொல்ல முடியாது. கண்ட்ரோல் மாதிரியின் சிதறல் 3 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். 1.5க்குக் கொண்டுவாருங்கள், இன்றைய அனலைசர்களால் அது முடியும். எச்டிஎல்லில் 4 மி.கி. ஒருபக்கச் சாய்வு இருந்தால் அது அப்படியே எதிர்த்திசையில் எல்டிஎல்லுக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். எல்டிஎல் பிசகினால் முதலில் பார்க்க வேண்டியது எச்டிஎல் காலிபிரேஷனை.

மாற்றுச் சூத்திரங்கள் இரண்டு நிலைபெற்றிருக்கின்றன. ஒன்று மார்ட்டின்–ஹாப்கின்ஸ் முறை, 2013இல் வெளியானது. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட லைப்பிட் புரொஃபைல்களை ஆராய்ந்து, ஐந்து என்ற நிலையான வகுஎண்ணுக்குப் பதிலாக ஓர் அட்டவணையைத் தந்தார்கள். டிரைகிளிசரைடுக்கு 30 வரிசை, எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ராலுக்கு (மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தது) 6 பத்தி, மொத்தம் 180 கட்டம். கட்டத்துக்குக் கட்டம் வகுஎண் 3.1 முதல் 11.9 வரை மாறுகிறது. மேற்சொன்ன 135, 40, 220 மாதிரியில் வகுஎண் 6.5 என்று வைத்துக்கொண்டால் விஎல்டிஎல் 34, எல்டிஎல் 61. மற்றொன்று சாம்ப்சன் சூத்திரம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் 8,656 நோயாளிகளின் பீட்டா குவாண்டிஃபிகேஷன் முடிவுகளிலிருந்து உருவானது.

எல்டிஎல் = (மொத்தக் கொலஸ்ட்ரால் ÷ 0.948) − (எச்டிஎல் ÷ 0.971) − [(டிரைகிளிசரைடு ÷ 8.56) + (டிரைகிளிசரைடு × எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் ÷ 2140) − (டிரைகிளிசரைடின் வர்க்கம் ÷ 16100)] − 9.44

இதுவும் மி.கி./டெ.லி. அலகுக்கு. டிரைகிளிசரைடு 800 வரை பயன்படுத்தலாம் என்று முன்வைக்கப்பட்டது. மார்ட்டின்–ஹாப்கின்ஸ் முறைக்கும் 400க்கு மேல் நீட்டித்த அட்டவணை பின்னர் வந்தது. 400க்கு மேல் இரண்டிலுமே பிழை கூடுகிறது. அந்தப் பகுதியில் எண்ணை அச்சிட்டால் எச்சரிக்கைக் குறிப்போடு அச்சிடுங்கள்.

இரண்டில் எது மேல் என்ற விவாதம் ஓயவில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 55, 70 என்ற வரம்புகளை ஒட்டிய இடத்தில் இரண்டுமே பழைய சூத்திரத்தைவிட உண்மைக்கு அருகில் நிற்கின்றன. அட்டவணையைச் சரியாக ஏற்ற உங்கள் மென்பொருளால் முடியாது என்றால் சாம்ப்சனை எடுத்துக்கொள்ளுங்கள், அது ஒரே வரிச் சூத்திரம். கூடுதலாக எந்த ரீஏஜென்டும் (சோதனை வேதிப்பொருளும்) வேண்டாம், ஏற்கெனவே அளந்த அதே மூன்று எண்கள் போதும்.

நேரடி எல்டிஎல் கிட் வாங்கிவிட்டோம், சூத்திரமே தேவையில்லை என்று சொல்லும் ஆய்வகங்களும் உண்டு. அந்த நேரடி என்ற சொல் தரும் நம்பிக்கைக்கு எல்லை இருக்கிறது. இந்தக் கிட்டுகள் துகள்களை அடர்த்தியால் பிரிப்பதில்லை, சோப்புபோல் கொழுப்பைக் கரைக்கும் சர்ஃபாக்டன்ட்டுகளின் தேர்வுத்திறனை நம்பியிருக்கின்றன. ஒரு வகையில், முதல் ரீஏஜென்ட் எல்டிஎல் அல்லாத துகள்களை மட்டும் கரைக்கும், அவற்றின் கொலஸ்ட்ராலை நொதிகள் நிறம் தராத வழியில் தீர்த்துவிடும். இரண்டாவது ரீஏஜென்ட் எல்டிஎல்லைக் கரைத்து நிறம் தரும். இன்னொரு வகையில், முதற்கட்டத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கேட்டலேஸ் அழிக்கும். இரண்டாம் கட்டத்தில் அசைடு சேர்த்துக் கேட்டலேஸை முடக்குவார்கள். இயல்பான சீரத்தில் இவை நன்றாக வேலை செய்கின்றன. துகள்களின் அமைப்பே மாறிப்போன நோயாளியின் சீரத்தில் சர்ஃபாக்டன்ட் எதைக் கரைக்கும், எதை விட்டுவிடும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே மாதிரியைப் பல கிட்டுகளில் ஓட்டி மேற்கோள் முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகள் இதையே காட்டின. சிக்கல் என்னவென்றால், நேரடி முறையை நாம் நாடுவதே சூத்திரம் தடுமாறும் மாதிரிகளுக்குத்தான். அதே மாதிரிகளில்தான் நேரடி முறையும் தடுமாறுகிறது. பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரைகிளிசரைடு எவ்வளவு வரை செல்லும் என்று கிட்டின் உள்தாளில் இருப்பதைப் படித்து, அந்த வரம்பை மென்பொருளில் ஏற்றி, அறிக்கையில் நேரடி முறை என்று எழுதுங்கள்.

எந்த வழியாலும் சரியாகச் சொல்ல முடியாத மாதிரிகள் சில உண்டு. மூன்றாம் வகைக் கோளாறில் எச்சத் துகள்கள் கொலஸ்ட்ராலால் நிரம்பியிருக்கும். அங்கே ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல் குறைவாகவும் எல்டிஎல் அதிகமாகவும் வரும், மேலே சொன்னதற்கு நேர்மாறு. மொத்தக் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் இரண்டுமே தூக்கலாக, கிட்டத்தட்டச் சமமாக இருந்து, அப்போ பி மட்டும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். பித்த ஓட்டம் தடைபட்ட நோயாளியிடம் லிப்போபுரோட்டீன் எக்ஸ் என்ற வேறொரு துகள் உருவாகும். கொலஸ்ட்ரால் மலைபோல் ஏறும், கணக்கு அதை எல்டிஎல் என்றே சொல்லும், ஆனால் அது எல்டிஎல் அன்று. பித்த நிறமியான பிலிருபின் கூடிய மாதிரியில் எல்டிஎல் 300 என்று வந்தால் ஒப்புதல் பொத்தானை அழுத்தும் முன் மருத்துவரோடு ஒரு வார்த்தை பேசுங்கள்.

கலங்கிய சீரத்துக்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது, செலவில்லாதது, இன்றும் பயன்படுவது. சீரத்தைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் மேலே ஏடு படிந்திருந்தால் கைலோமைக்ரான் இருக்கிறது. அடியிலும் கலங்கல் நீடித்தால் விஎல்டிஎல் மிகுதி. ஏடு படிந்த மாதிரிக்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம். இதற்கு மறுபக்கமும் உண்டு: குளிர்பெட்டியில் வைத்த, அல்லது உறைந்து உருகிய எந்தச் சீரத்தையும் நன்றாகக் கலக்காமல் அனலைசரில் ஏற்றக் கூடாது. கொழுப்பு மேலே ஒதுங்கியிருக்கும். ஊசி எந்த ஆழத்தில் உறிஞ்சுகிறதோ அதற்கேற்ற எண் வரும்.

இரத்தம் எடுக்கும் இடத்தில் நடப்பது பற்றி ஆய்வகங்கள் அதிகம் கவலைப்படுவதில்லை, பட வேண்டும். படுத்திருப்பவர் எழுந்து நின்றால் நீர் இரத்தக்குழாயை விட்டு வெளியேறி, துகள்கள் செறிவடைகின்றன. வேறுபாடு 10 சதவீதத்தை எட்டலாம். எல்லோரையும் குறைந்தது ஐந்து நிமிடம் உட்கார வைத்து, உட்கார்ந்த நிலையிலேயே எடுங்கள். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும் இதே விளைவு. இரத்தம் உறையாமல் தடுக்கும் எடிடிஏ குழாயில் எடுத்த பிளாஸ்மா, சீரத்தைவிட ஏறத்தாழ 3 சதவீதம் குறைவாகக் காட்டும். ஒரே நோயாளிக்கு ஒருமுறை சீரம், மறுமுறை எடிடிஏ பிளாஸ்மா என்று மாற்றாதீர்கள். சிட்ரேட் குழாய் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள திரவம் மாதிரியை நீர்த்துவிடும். மாரடைப்பு வந்து 24 மணி நேரம் கடந்தபின் எல்டிஎல் இறங்கத் தொடங்கி, சில வாரங்கள் தாழ்ந்தே இருக்கும். எனவே முதல் நாள் மாதிரியைத் தவறவிடக் கூடாது.

உண்ணாநிலை அவசியமா என்ற கேள்விக்கு ஐரோப்பிய நிபுணர் குழுக்கள் 2016இல் ஒரு நிலைப்பாடு எடுத்தன. வழக்கமான பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வழக்கமான உணவுக்குப் பின் சராசரியாக டிரைகிளிசரைடு 26 மி.கி. ஏறும், எல்டிஎல் 8 மி.கி. இறங்கும். உணவுக்குப் பின் எடுத்த மாதிரியில் டிரைகிளிசரைடு 440ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மீண்டும் பாருங்கள் என்றார்கள். நடைமுறையில் இது சரியான போக்குதான். ஆனால் எல்டிஎல் 55ஐ ஒட்டியிருக்கும் நோயாளிக்கு அந்த 8 மி.கி. சின்ன விஷயம் அன்று. அப்படிப்பட்டவரை 9 முதல் 12 மணி நேரம் உண்ணாமல் வரச் சொல்வதே நல்லது. எப்படியிருந்தாலும் உண்ணாநிலையா இல்லையா என்பதை அறிக்கையில் குறியுங்கள்.

வேதிவினையிலும் கண்ணிகள் இருக்கின்றன. கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு இரண்டுக்கும் கடைசிப் படி ஒன்றே: உண்டான ஹைட்ரஜன் பெராக்சைடைப் பெராக்சிடேஸ் நொதி நிறமாக்குவது. வைட்டமின் சி, என்-அசிட்டைல்சிஸ்டின், மெட்டமிசால் போன்றவை அந்த நிறத்தைக் கெடுத்து எண்ணைத் தாழ்த்தும். நச்சு முறிவுக்காக என்-அசிட்டைல்சிஸ்டின் ஏற்றிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் லைப்பிட் புரொஃபைலுக்கு இரத்தம் எடுப்பதில் பொருளில்லை. டிரைகிளிசரைடு கிட் உண்மையில் அளப்பது கிளிசராலை. கொழுப்பிலிருந்து பிரிந்த கிளிசராலுக்கும் முன்பே தனியாக இருந்த கிளிசராலுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. வழக்கமாகத் தனிக் கிளிசரால் 10 மி.கி. அளவில்தான் இருக்கும், பாதகமில்லை. கிளிசரால் கலந்த மருந்து ஏறும்போதும், கிளிசரால் கைனேஸ் என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களிடமும் டிரைகிளிசரைடு பல நூறு என்று காட்டும், சீரமோ கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். எண் 600, சீரம் தெளிவு என்றால் எண்ணை நம்பாதீர்கள். அந்த 600ஐ ஐந்தால் வகுத்து எல்டிஎல்லைக் குறைக்கவும் விடாதீர்கள்.

இனி மென்பொருள் அமைப்போருக்கு. சூத்திரத்தை மாற்றுவது ஒரு வரி வேலைபோலத் தெரியும், ஆனால் பிழைகள் நுழைவது இங்கேதான். அலகை முதலில் பாருங்கள். மில்லிமோல் அலகில் டிரைகிளிசரைடு 2.0 உள்ள மாதிரியைத் தவறி 5ஆல் வகுத்தால் 0.9க்குப் பதிலாக 0.4 வரும். எல்டிஎல் அரை மில்லிமோல், அதாவது ஏறத்தாழ 20 மி.கி. கூடிவிடும். நம்பும்படியான எண்ணாக இருப்பதால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். சாம்ப்சன் சூத்திரத்துக்கு மில்லிமோல் அலகில் மாறிலிகளே வேறு: 8.56க்குப் பதில் 3.74, 2140க்குப் பதில் 24.16, 16100க்குப் பதில் 79.36, 9.44க்குப் பதில் 0.244. மார்ட்டின் அட்டவணையின் எல்லைகள் முழு எண்களில் உள்ளன. ஒரு பத்தி 129இல் முடிந்து அடுத்தது 130இல் தொடங்கும். அலகு மாற்றத்தால் 129.6 என்று ஓர் எண் வந்தால் அது எந்தக் கட்டத்திலும் விழாது. மென்பொருள் வெற்றிடம் தரலாம், அல்லது சத்தமில்லாமல் முதல் கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கட்டம் தேடுவதற்காக மட்டும் முதலில் முழு எண்ணாக்குங்கள். கழித்தலை முழுமையாக்காத எண்களிலேயே செய்து, கடைசி விடையை மட்டும் முழுமையாக்குங்கள்.

கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று குறியோடு வரும் எச்டிஎல், நீர்த்து மீண்டும் ஓட்டிய டிரைகிளிசரைடு, வேறு நாளில் ஓட்டிய மொத்தக் கொலஸ்ட்ரால் ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போக விடாதீர்கள், அல்லது கையால் சரிபார்த்தபின் விடுங்கள். மூன்று அளவீடும் ஒரே மாதிரியிலிருந்து வந்தால்தான் கழித்தலுக்குப் பொருள் உண்டு. வரம்பு மீறினால் அறிக்கையில் 0 வேண்டாம், வெற்றிடம் வேண்டாம். ‘டிரைகிளிசரைடு அதிகம், எல்டிஎல் கணக்கிடவில்லை, எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ராலைப் பார்க்கவும்’ என்ற வாசகம் வரட்டும். நடைமுறைக்குக் கொண்டுவரும் முன் இந்த மடலில் உள்ள மாதிரிகளை ஏற்றிப் பாருங்கள். 135, 40, 220க்கு சாம்ப்சன் விடை 59 வர வேண்டும். 220, 40, 150க்கு 153. 110, 45, 340க்கு 17. இவற்றில் ஒன்று பிசகினாலும் அடைப்புக்குறி ஏதோ இடம் மாறியிருக்கிறது.

எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ராலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் அது கிடைத்துவிடும். டிரைகிளிசரைடு கணக்குக்குள் வருவதில்லை, ஊகம் ஏதுமில்லை, உண்ணாநிலை வேண்டாம், செலவும் இல்லை. தமனியில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் அதில் அடங்கும். இலக்கு, எல்டிஎல் இலக்கோடு 30 மி.கி. கூட்டியது: 55க்கு 85, 70க்கு 100. இவ்வளவு உறுதியான ஓர் எண்ணை அச்சிடாமல் விடுவதற்கு ஒரு காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை. எல்டிஎல்லுக்கு மேல் வரியில் அதை வையுங்கள். அப்போ பி சோதனை வசதி உள்ள ஆய்வகங்கள், டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டிய அறிக்கைகளில் அதைச் செய்யலாம் என்று ஒரு குறிப்பும் சேர்க்கலாம்.

சூத்திரத்தை மாற்றும் நாளில் செய்ய வேண்டிய ஒன்று எளிதில் மறந்துபோகும். போன முறை 51, இந்த முறை 59 என்று பார்க்கும் மருத்துவர், நோயாளி மருந்தை விட்டுவிட்டார் என்று நினைப்பார். மாற்றம் நடந்த தேதியையும் காரணத்தையும் அறிக்கையின் அடியில் குறைந்தது ஓராண்டுக்கு அச்சிடுங்கள். நல்லவேளையாக, கணக்கிட்ட எல்டிஎல்லின் மூலப்பொருள்கள் மூன்றும் உங்கள் மென்பொருளில் சேமித்தே இருக்கின்றன. பழைய தேதிகளுக்கும் புதிய சூத்திரப்படி மீண்டும் கணக்கிட்டு, ஒப்பீட்டுக்காக மட்டும் பக்கத்தில் காட்டலாம். முன்பு வெளியிட்ட அறிக்கையைத் திருத்தக் கூடாது. நேரடி முறைக்கு மாறிய ஆய்வகங்களுக்கு இந்த வசதி முழுமையாக இல்லை. எனவே இரு முறைகளையும் சில வாரம் சேர்த்து ஓட்டி, டிரைகிளிசரைடு 150க்குக் கீழ், 150 முதல் 400 வரை என்று பிரித்து வேறுபாட்டைப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சராசரி எடுத்தால் சிக்கல் மறைந்துவிடும்.

நாங்கள் கேட்கும் வரி இப்படி இருந்தால் போதும்: ‘எல்டிஎல் கொலஸ்ட்ரால் 59 மி.கி./டெ.லி., கணக்கிட்டது, சாம்ப்சன் சூத்திரம், உண்ணாநிலை மாதிரி.’ அச்சில் ஒரு வரிகூட அதிகமாகாது. அந்த நோயாளி அடுத்த முறை வேறு ஆய்வகத்துக்குப் போய் நேரடி முறையில் 66 என்று வாங்கி வந்தால், மருந்தைக் கூட்டும் முன் மருத்துவர் இரண்டு அறிக்கைகளின் முறையையும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த வரி இடம் தரும்.

இப்படிக்கு,
மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகப் பணியில் உள்ளோர்